மூன்று நாள் கஞ்சி

போன வாரம் உங்களைப் பதினோராம் மாடி ஜன்னலில் நிறுத்திவிட்டுப் போனேன். அந்த ஜன்னலை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துண்டு கடல் தெரியும். துண்டு என்றால் துண்டுதான், மூன்று விரல் அகலம். அதைப் பார்த்து "இந்த வீடுதான்" என்று நான் சொல்ல, என் புருஷன் கின்ஃபாய் "யோசிக்கலாம்" என்றான்.

யோசித்து யோசித்து மூன்று வாரம் ஓடிவிட்டது.

இன்றைக்குக் குளிர்காலத் திருநாள். எங்கள் ஹாங்காங்கில் இந்த நாள் புத்தாண்டையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். கடையும் ஆபீஸும் சீக்கிரமே விட்டுவிட, எல்லோரும் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஓடுவார்கள். நாங்கள் ஓட வேண்டிய இடம் வருஷா வருஷம் ஒன்றேதான். என் நாத்தனார் யுக்லின் வீடு. முப்பத்தொன்றாம் மாடி. அவள் ஜன்னலில் கடல் துண்டாக இருக்காது, முழுசாக இருக்கும்.

பொறாமைதான். மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் குரல் உள்ளே இருந்து வரும். "பார்த்து நட சுக்யீ, மார்பிள், வழுக்கும்." நான் என்ன மார்பிளையே பார்க்காத ஜென்மமா? கீழே நீச்சல் குளம், மேலே குளியல் தொட்டி, நடுவில் என் நாத்தனார். கிளம்பும்போது என் கையைத் தட்டி, "உங்களுக்கும் ஒரு நாள் அமையும்" என்பாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியாது. வீட்டுக்கு வந்தால் எங்கள் வாடகைக் குளியலறை போகும்போது இருந்ததைவிடச் சின்னதாகத் தெரியும்.

இதில் கின்ஃபாய் வேறு. அக்கா வீட்டுக் குழாய் ஒழுகினால் இவனுக்கு இங்கே காய்ச்சல் வரும். எங்கள் வீட்டுக் கதவுப் பிடி எட்டு மாதமாகக் கையோடு வருகிறது, அது அவன் கண்ணில் படாது.

போன மாதம் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். புத்தாண்டுக்குள். எட்டு வருஷக் கல்யாணத்தில் இது நான்காவது வாடகை வீடு. சட்டி பானையைக் கட்டிக் கட்டி என் விரலே தேய்ந்துவிட்டது. இனி எவனும் வந்து "காலி பண்ணு" என்று தட்டாத ஒரு கதவு வேண்டும் எனக்கு. அது தங்கக் கதவாக இல்லாவிட்டால் பரவாயில்லை.

காலையில் வீட்டுத் தரகர் மிஸ் லாவ் கூப்பிட்டாள். விற்கிற பெரியவருக்கு அவசரம், இன்னொரு ஜோடியும் பார்க்கிறது, நீங்கள் இன்றைக்குச் சொல்லிவிட்டால் நல்லது என்றாள். கின்ஃபாயை இழுத்துக்கொண்டு ட்ராம் ஏறினேன்.

வா ஹிங் கட்டடத்துக்கு ஐம்பத்து மூன்று வயசு. கீழே வாத்து வறுத்து விற்கிற கடை, பக்கத்தில் மருந்துக் கடை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற வாசல். உள்ளே தகரத் தபால் பெட்டிகளும், ரேடியோ கேட்கிற காவல்காரரும், ஒரு பெயர்ப்பலகையும். இரண்டாம் மாடி பல் டாக்டர். மூன்றாம் மாடி தங்கும் விடுதி. ஏழில் பியானோ டீச்சர், ஒன்பதில் ஒரு சின்ன புத்தர் மண்டபம். வீடு, கடை, கடவுள் எல்லாம் ஒரே லிஃப்ட்டில்தான் ஏறி இறங்க வேண்டும்.

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவளுக்கு அதுவும் ஒரு வினைதான். கின்ஃபாய் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டான். மோட்டார் இருமுகிறது என்றான். சுவரில் ஒட்டியிருந்த அரசாங்க நோட்டீஸைப் படித்தான். வெளிச்சுவரைச் சரி பண்ண ஒவ்வொரு வீட்டுக்காரரும் பங்கு போட வேண்டும், கீழ்க் கடைக்காரர்கள் தங்களுக்கும் மேல் மாடிச் சுவருக்கும் சம்பந்தமில்லை என்று சண்டை போடுவார்கள், விடுதிக்கு யார் யாரோ பெட்டியோடு வருவார்கள், பழைய கட்டடத்துக்கு வங்கியும் யோசித்துத்தான் கடன் கொடுக்கும் என்று அடுக்கினான். எதுவும் பொய்யில்லை. மூன்று வாரமாக இதே பாட்டுதான்.

நான் பேச்சை மாற்ற, பல் டாக்டர் பலகையைக் காட்டினேன்.

"உன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினது இந்த டாக்டர்தானா? இந்தப் பக்கம்தான்னு சொன்ன ஞாபகம்."

"இல்ல, அது வேற எங்கயோ" என்று அவன் மறுபடியும் நோட்டீஸைப் படிக்க ஆரம்பித்தான். நானும் விட்டுவிட்டேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைச் சோதிக்கிறவள் நான். என் கண்ணை எவள் சோதித்தாள்?

பதினோராம் மாடியில் கதவு திறந்தே இருந்தது. உள்ளே மிஸ் லாவோடு அந்த இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்வது தரகர்களின் பழைய வித்தை, எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வயிறு எரிந்தது. அந்தப் பெண் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். என் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதுவரை யாரோ ஒருவருடைய நானூற்றுப் பத்துச் சதுர அடி. அவள் கை பட்ட நிமிஷத்தில் அது என் வீடாகிவிட்டது.

"இங்க சோபா போட்டா கடல் தெரியும்ல?" என்று அவள் புருஷனிடம் கேட்டாள். சோபாவாம். அந்த இடத்தில் என் சாப்பாட்டு மேஜையை மூன்று வாரத்துக்கு முன்பே போட்டாயிற்று, மனசில்.

கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று மிஸ் லாவின் காதில் சொன்னேன். கின்ஃபாய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். லிஃப்ட்டில் இறங்கும்போது மோட்டார் இருமவே இல்லை.

மிஸ் லாவின் ஆபீஸ் மருந்துக் கடைக்கு அடுத்தது. டீ வந்தது, படிவம் வந்தது. இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டாள். இரண்டு பேர் பெயரிலும் வாங்குகிறீர்கள், இரண்டு பேருக்கும் இது முதல் வீடுதானே? முதல் வீடு என்றால் அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி கொஞ்சம். இரண்டு பேரில் ஒருவர் பெயரில் வேறு வீடு இருந்தாலும் மொத்தத்துக்கும் பல மடங்கு.

நான் சிரித்தேன். எங்களுக்கு ஒரு புறாக்கூடுகூடக் கிடையாது என்றேன். என் கையெழுத்தைப் போட்டுப் பேனாவைக் கின்ஃபாயிடம் கொடுத்தேன்.

பேனா தாளுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. அங்கேயே நின்றது.

"கொஞ்சம் வெளிய வா" என்றான்.

வெளியே என்றால் வாத்துக் கடையின் பின்பக்கம். கொக்கியில் நாலு வாத்து தொங்கிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்காமல் வாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"என் பேர்ல ஒரு வீடு இருக்கு சுக்யீ."

"எங்க, கனவுலயா?"

"அக்கா இருக்குற வீடு."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. யுக்லின் பெயரிலும் அவள் புருஷன் பெயரிலுமாக ஏற்கெனவே ஒரு பழைய வீடு இருக்கிறது, அதை வாடகைக்கு விட்டிருக்கிறாள். புதிய வீட்டையும் அவர்கள் பெயரில் வாங்கினால் வரி முதுகை ஒடித்துவிடும். வீடே இல்லாத தம்பியின் பெயர் சும்மாதானே கிடக்கிறது? எங்கள் ஊரில் இது ஒன்றும் புதுசில்லை. அம்மா பெயர், தம்பி பெயர், நேற்றுக் காலேஜ் முடித்த பிள்ளையின் பெயர், எது கன்னி கழியாமல் இருக்கிறதோ அதை இரவல் வாங்கி வீட்டை முடிப்பார்கள். பினாமி. பணம் அவள் குடும்பத்துடையது, கையெழுத்து இவனுடையது.

இவனுடைய அந்த ஒரே பெயர் ஆறு வருஷத்துக்கு முன்பே செலவாகிவிட்டது. இருமுகிற மோட்டார், வெளிச்சுவர், விடுதிப் பெட்டி எல்லாம் எதற்கு என்று இப்போது புரிந்தது.

"என்னிக்குப் போட்ட கையெழுத்து?"

மறுபடியும் வாத்தைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல?"

"பல்லு பிடுங்கப் போறேன்னு ஒரு நாள் போனேனே, அன்னிக்கு."

அன்றைக்கு. அன்றைக்குக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வந்தான். மெல்ல முடியவில்லை என்றான். நான் லீவு போட்டு, பச்சரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, மீனில் முள் எடுத்துப் போட்டு, மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் கொடுத்தேன். மூன்று நாளும் "உஸ் உஸ்" என்று குடித்தான் பாவி.

"வாயைத் திற" என்றேன்.

"சுக்யீ, ரோட்டுல..."

"திறடா."

திறந்தான். போன் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் கடைசியில், கொழுகொழு என்று உட்கார்ந்திருந்தது அந்தப் பல். ஒரு சொத்தை இல்லை. வாத்து வெட்டுகிற ஆள் கத்தியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பொறாமைதான் வந்தது, அதுவும் இதுவரை வராத பொறாமை. மார்பிளும் வேண்டாம் கடலும் வேண்டாம். அவள் கேட்டாள், இவன் போட்டுக் கொடுத்தான். நடுவில் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வைத்த இடம் கஞ்சி காய்ச்சுகிற இடம்.

அந்த வீட்டை அவள் பெயருக்கே திருப்பி எழுதிக் கொடுத்துவிடு என்றேன். அதற்கும் அக்கா அதே பெரிய வரியைக் கட்ட வேண்டியிருக்கும், அவள் எப்படிக் கட்டுவாள் என்றான். அப்போதும் அவனுக்கு அவள் கஷ்டம்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். என் பெயரில் மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்று மிஸ் லாவிடம் கேட்டேன். அவள் எத்தனை புருஷன் பெண்டாட்டியைப் பார்த்திருப்பாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உங்கள் பெயர் சுத்தமாக இருக்கிறது, உங்களுக்கு இது முதல் வீடுதான், வரி கொஞ்சம்தான் என்றாள். என் அம்மா எனக்கென்று விட்டுப் போனதையும் என் சம்பளத்தையும் வைத்துப் பார்த்து, மட்டுமட்டாகப் போதும் என்றாள். வேறு படிவம் எடுத்தாள். என் தனிக் கணக்குச் செக் புத்தகம் வீட்டில் இருந்தது. நாளைக் காலை ஒன்பதரைக்கு வருகிறேன் என்றேன். பத்து மணிக்கு மேல் அந்த ஜோடி வந்துவிடும், தன்னால் பிடித்து வைக்க முடியாது என்றாள்.

"உன் பேர்ல மட்டுமா? அப்ப நான்?" என்றான் கின்ஃபாய், ட்ராமில்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணலாமே" என்றான். அவன் வாயில் அந்தப் பல் இருக்கக் கூடாது என்று மனசார ஆசைப்பட்டேன்.

சாயங்காலம் முப்பத்தொன்றாம் மாடி.

"பார்த்து நட சுக்யீ, மார்பிள்..."

இன்றைக்கு நான் பார்த்து நடக்கவில்லை. அழுத்தி மிதித்து நடந்தேன். குளியலறைக்குப் போய் அந்தத் தொட்டியின் விளிம்பில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன். ஆறு வருஷமாக இது எனக்கு இல்லையே என்று புழுங்கினேனே, பத்திரத்தில் இது என் புருஷனுடைய தொட்டி. ஊரில் எவளாவது தன் புருஷன் வீட்டைப் பார்த்தே பொறாமைப்பட்டிருப்பாளா? சிரிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

சமையலறையில் யுக்லின் உருண்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். அரிசிமாவு உருண்டை, இஞ்சிப் பாகு. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இந்த நாளில் எல்லா வீட்டிலும் செய்வது. தம்பி போன் பண்ணிவிட்டான் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். வெறும் பெயர்தானே, நமக்குள் என்ன இருக்கிறது, ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்றாள். கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவர் முன்னாடி மட்டும் இதைப் பேசாத. திருநாளும் அதுவுமா வேண்டாம்."

விருந்து நாளில் சண்டை வேண்டாம் என்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கை சில்லென்று இருந்ததை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் என்றால் அவள் புருஷன், மோக் அண்ணன். எல்லைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். வாரக் கடைசியில் வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போவார். அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டார். இந்தக் குடும்பத்தில் என்னை "சாப்பிட்டியா" என்று முதலில் கேட்கிற ஆள் அவர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த நாளில் மட்டும், ஒரு கிண்ணம் மது குடித்துவிட்டுச் சுவரைத் தட்டிக் காட்டுவார்.

"இருபத்திரண்டு வருஷமா தகரக் கொட்டகையில படுக்குறேன்" என்றார் இன்றைக்கும். "இந்த நாலு சுவர் எனக்குன்னு இருக்கு. அதை நெனச்சாத் தூக்கம் வந்துடுது."

கின்ஃபாய் குனிந்து கோழியைத் தின்றான். நான் அவரோடு கிண்ணத்தைத் தூக்கினேன்.

அதோடு போயிருந்தால் இந்த வாரக் கதை இங்கேயே முடிந்திருக்கும். மோக் அண்ணன்தான் நல்ல மனசோடு கேட்டார், ஏதோ வீடு பார்த்தீர்களாமே, முடிந்ததா என்று. கின்ஃபாய் முனகினான், சுக்யீ பெயரில் மட்டும் வாங்கலாமா என்று பார்க்கிறோம் என்று. நல்லதுதானே என்று சொல்லி அவர் சோற்றுக்குத் திரும்பிவிட்டார். யுக்லினால்தான் சும்மா இருக்க முடியவில்லை. தம்பி என்றால் அவளுக்கு வாய் நிற்காது. என் கிண்ணத்தில் உருண்டையைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பேசக் கூடாதுன்னுதான் நெனச்சேன், மனசு கேக்கல. அம்பது வயசுக் கிழட்டுக் கட்டடம். அதுலயும் புருஷன் பேரு இல்லாம வாங்குறது எந்த ஊரு நியாயம்? நாளைக்கு உங்களுக்குள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, என் தம்பி எங்க போவான்?"

என் கிண்ணத்தில் மூன்று உருண்டை மிதந்தது. மூன்று நாள் கஞ்சி ஞாபகம் வந்தது.

"எங்கயும் போக வேண்டாம் அக்கா" என்றேன். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னேன். "இங்கேயே வந்துடுவான். பத்திரத்துல அவன் பேருதானே இருக்கு. இது அவன் வீடுதானே."

ஆறு வருஷமாக நாக்கில் ஊறிக்கொண்டிருந்த ஆசை, அவள் வாயடைத்துப் போவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று. நிமிர்ந்து பார்த்தேன். அடைத்துத்தான் போயிருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கின்ஃபாயின் கை மேஜைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்தது. ரொம்பத் தாமதம்.

மோக் அண்ணன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார், சத்தமே வராமல். வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தார். நாலு சுவரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். என்னிடம் பொய் சொல்லி மூன்று நாள் கஞ்சி வாங்கிக் குடித்தவன் ஒருத்தன். இவர் கொட்டகையில் படுத்துச் சேர்த்த காசில் வாங்கின வீட்டைத் தம்பி பெயரில் எழுதி, இவரிடம் மறைத்தவள் ஒருத்தி. அவர் முகத்தில் வந்த அந்த முழி எனக்கு நன்றாகத் தெரியும். மதியம் வாத்துக் கடைப் பின்பக்கம் அது என் முகத்தில் இருந்தது.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். இந்த வீட்டின் மேல் ஆறு வருஷமாகக் கண் வைத்தவள் நான்தான்.

அவர் பெண்டாட்டியைக் கேட்கவில்லை, மச்சானையும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். சாப்பிட்டியா என்று கேட்கிற அதே குரல்.

"சுக்யீ, நீ பொய் சொல்ல மாட்ட. இது யாரு வீடும்மா?"